எந்திரம் எழுதிய பெயர்கள் – 7: எஃப் என்னும் ஓர் எழுத்து

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், 1979-இல் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய பணி 1983-இல் சி++ என்ற பெயரைப் பெற்றதையும், 1985 அக்டோபரில் சீஃப்ரண்ட் என்னும் நிரல்பெயர்ப்பியாக வெளியுலகுக்கு வந்ததையும் சென்ற பகுதிகளில் கண்டோம். மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றித் தரும் மென்பொருளே, கம்பைலர் என்று வழங்கும் நிரல்பெயர்ப்பி.

சி மொழியில் ஒரு பெயருக்கு, ஃபங்ஷன் என்னும் செயற்கூறு ஒரே ஒன்றுதான் உண்டு. அதிலிருந்து கிளைத்த சி++ மொழியிலோ, ஏற்கும் அளபுருக்களின் (பாராமீட்டர்) வகை வேறுபட்டால், ஒரே பெயரில் பல செயற்கூறுகளை எழுதலாம். இந்த வசதிக்குப் பணிமிகுப்பு என்று பெயர். 2018-இல் தமிழகப் பள்ளிப் பாடத்திட்டம் மாறியபோது வந்த 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் இதைத்தான் பல்லுருவாக்கம் என்ற பாடத்தில் கற்பிக்கிறது.

ஆனால் தனித்தனியே பெயர்க்கப்பட்ட நிரல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் லிங்கர் என்னும் இணைப்பான், சி மொழியின் காலத்து மென்பொருள். அதற்குப் பெயர் தெரியும், வகை தெரியாது. எனவே வகையைப் பெயருக்குள்ளேயே பொதிந்து வைப்பது என்று முடிவு செய்த ஸ்ட்ரூஸ்ட்ரப், அந்த முறையை 1988 அக்டோபரில் டென்வர் நகரில் நடந்த சி++ மாநாட்டில் கட்டுரையாக அளித்தார். 1989-இல் வெளிவந்த சீஃப்ரண்டின் இரண்டாம் பதிப்பு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எந்திரத்தின் சிக்கல் அத்துடன் தீர்ந்தது. மனிதரின் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

*

செந்துறை எந்தச் செந்துறை?

அரியலூர் மாவட்டத்தில் ஒரு செந்துறை இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் அருகே இன்னொரு செந்துறை இருக்கிறது. ஊருக்குள் பேசும்போது பெயர் மட்டும் போதும் என்றாலும், வெளியூரிலிருந்து வரும் கடிதத்தின் உறையில் மாவட்டத்தையும் சேர்த்து எழுதினால்தான் அது உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். நிரல்பெயர்ப்பி செய்வதும் இதுவே: நிரலர் எழுதிய சிறிய பெயரை முழு முகவரியாக விரித்து, இடைவெளியோ அடைப்புக்குறியோ இல்லாத ஒரே சொல்லாக இறுக்கி, இணைப்பானிடம் ஒப்படைக்கிறது.

இதைக் கண்முன் காண, அரியலூர் என்ற இனக்குழுவுக்குள் (கிளாஸ்) செந்துறை என்ற செயற்கூறு இருப்பதாகவும், அது ஒரே ஒரு முழு எண்ணை அளபுருவாக ஏற்பதாகவும் கொள்வோம். இரண்டு பெயர்களுமே ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது எட்டெட்டு எழுத்துகளைக் கொண்டவை.

இன்றைய ஜி.சி.சி. நிரல்பெயர்ப்பி இதற்குத் தரும் சங்கேதப் பெயர் ஓர் அடிக்கோட்டுடனும் இசட் என்னும் பெரிய எழுத்துடனும் தொடங்குகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த பெயர் வருகிறது என்று அறிவிக்க என். அடுத்து 8 என்ற எண்ணும் அரியலூர் என்ற பெயரும். மீண்டும் 8 என்ற எண்ணும் செந்துறை என்ற பெயரும். உள்ளமைந்த பெயர் முடிந்தது என்பதற்குப் பெரிய ஈ. இறுதியாக, அளபுரு முழு எண் என்பதைக் குறிக்கும் சிறிய ஐ.

பெயருக்கு முன்னால் எழுத்தின் எண்ணிக்கையை வைத்திருப்பதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. எத்தனை எழுத்துகளை எண்ணி எடுக்கவேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், ஒரு பெயர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற ஐயம் எழுவதில்லை.

இவ்வளவு எளிய ஓர் எடுத்துக்காட்டுக்கே இத்தனை குறிகள் என்றால், உண்மையான மென்பொருள்களில், இனக்குழுவுக்குள் இனக்குழுவும் டெம்ப்ளேட் என்னும் வார்ப்புருவுக்குள் வார்ப்புருவுமாக அடுக்கப்படும் இடங்களில், ஒரே ஒரு சங்கேதப் பெயர் பல நூறு எழுத்துகளுக்கு நீண்டுவிடும்.

*

படிக்க முடியாத பிழைச் செய்தி

நிரலர் ஒருவர் ஒரு செயற்கூற்றை அழைத்துவிட்டு, அதன் உடற்பகுதியை எழுத மறந்துவிட்டால், குறையைக் கண்டுபிடித்துச் சொல்வது இணைப்பானின் கடமை. ஆனால் இணைப்பானுக்குத் தெரிந்ததெல்லாம் சங்கேதப் பெயர் மட்டுமே என்பதால், அதன் பிழைச் செய்தியிலும் சங்கேதப் பெயரே வந்தது. தாம் எழுதிய பெயரை நிரலர் அதில் தேடிக் காணவேண்டியிருந்தது.

ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் பிழைத்திருத்தியிலும், ஒரு கோப்பில் எந்தெந்தப் பெயர்கள் உள்ளன என்று பட்டியலிடும் கருவியிலும் இதே நிலைதான். மொழி மனிதருக்காக எளிதாக்கிக் கொடுத்ததைப் பிழை நேரும் வேளையில் கருவிகள் பறித்துக்கொண்டன. தவறு எங்கே என்று தெரியவேண்டிய அந்த ஒரு கணத்தில்தான் மனிதருக்குப் பெயர் மிகவும் தேவைப்படுகிறது என்பதால், இதைச் சிறு அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு விடையாக வந்ததுதான் சி++ஃபில்ட் என்னும் கட்டளை வரிக் கருவி. சுட்டியும் சாளரமும் இல்லாமல், விசைப்பலகையில் கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவியைக் கட்டளை வரிக் கருவி என்பர். பெயரில் ஒட்டியிருக்கும் ஃபில்ட் என்பது ஃபில்டர், அதாவது வடிகட்டி, என்பதன் சுருக்கம். எந்த உரையை அதற்குள் செலுத்தினாலும், சங்கேதப் பெயராகத் தோன்றும் சொற்களை மட்டும் பிரித்தெடுத்து மனிதர் எழுதிய வடிவுக்கு மாற்றி, ஏனைய சொற்களைத் தொடாமல் அப்படியே வெளியே விடும். மேற்சொன்ன நீண்ட சொல்லைக் கொடுத்தால், அரியலூர், இரண்டு முக்காற்புள்ளிகள், செந்துறை, அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று நிரலர் எழுதிய உருவிலேயே அது திரும்பி வரும்.

*

1989: ஜேம்ஸ் கிளார்க்

ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கீழ், மைக்கேல் டீமன் 1987-இல் ஜி++ என்னும் நிரல்பெயர்ப்பியை வெளியிட்டிருந்தார். சீஃப்ரண்ட் சி++ நிரலைச் சி நிரலாக மாற்றிக் கொடுத்துவந்த காலத்தில், ஜி++ இடையில் சி மொழியின் துணையை நாடாமல் நேரடியாக எந்திரத்துக்கான குறிமுறையை உருவாக்கியது.

சி++ஃபில்ட்டுக்கு அடிப்படையாக, அந்த ஜி++ உருவாக்கும் சங்கேதப் பெயர்களை அவிழ்க்கும் நிரலை முதலில் எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க். க்ராஃப் என்னும் உரை வடிவமைப்பு மென்பொருளைச் சி++ மொழியிலேயே எழுதியவரும், பின்னாளில் எக்ஸ்.எம்.எல். என்னும் தரவு வடிவத்தை வகுத்த குழுவின் தொழில்நுட்பத் தலைவராக விளங்கியவரும் இவரே. 1989 என்ற ஆண்டைத் தாங்கிய அந்த நிரல் கோப்பின் தலைப்பில் அவர் பெயர் முதல் பெயராக நின்றது.

கிளார்க்கின் நிரலுக்குத் தெரிந்தது குனூவின் முறை ஒன்றுதான். ஆனால் சி++ நிரல்பெயர்ப்பிகளை உருவாக்கிய நிறுவனங்கள் பலவாகப் பெருகிக்கொண்டிருந்தன.

*

ஒரே ஓர் எழுத்து

1990-இல் மார்கரெட் எல்லிஸும் ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் இணைந்து எழுதிய விளக்கவுரையுடன் கூடிய சி++ கையேடு, பெயர்களைப் பொதியும் முறை ஒன்றையும் விவரித்திருந்தது. அதன்படி, முழு எண்ணை ஏற்கும் செந்துறை என்ற செயற்கூற்றின் பெயர் முதலில் வரும், பின்னர் இரண்டு அடிக்கோடுகள், அடுத்து 8 என்ற எண்ணும் அரியலூரும், அதன்பின் செயற்கூறு என்பதைக் குறிக்கும் எஃப், கடைசியில் ஐ.

அன்றைய ஜி++ அதே பெயரை ஏறக்குறைய அதே வரிசையில் எழுதியது. ஆனால் அதில் எஃப் இல்லை.

ஓர் எழுத்து இல்லாததால், கையேட்டின் முறையைப் பின்பற்றிய நிரல்பெயர்ப்பி உருவாக்கிய நிரல் நூலகத்தை ஜி++ உருவாக்கிய நிரலுடன் இணைக்க முடியாமல் போனது. இணைப்பானுக்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் கண்டும் அது கடந்துபோகும்.

இது கவனக்குறைவால் நேர்ந்த வேறுபாடு என்று கருத இடமுண்டு. ஆனால் குனூ நிரல்பெயர்ப்பியின் ஆவணம் இதை வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று விளக்கியது. பொருள்களை நினைவகத்தில் அடுக்கும் விதம், ஓர் இனக்குழு பல இனக்குழுக்களிலிருந்து மரபுரிமை பெறுவதைக் கையாளும் விதம், மெய்நிகர் செயற்கூறுகளை அழைக்கும் விதம் ஆகியவை நிரல்பெயர்ப்பிக்கு நிரல்பெயர்ப்பி மாறுபட்டன. இவ்வளவு உள்வேறுபாடுகளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் ஒன்றாக்கினால், இணைப்பான் தடையின்றி இணைத்துவிடும். இணைந்த நிரல் ஓடும்போது நொறுங்கும். பெயரில் உள்ள வேறுபாடு, அந்த விபத்தை இணைப்பின் வாசலிலேயே தடுத்து நிறுத்தியது.

எனவே பெயர்களை ஒன்றாக்க வேண்டுமானால், அதற்கு முன் உள்ளமைப்பை ஒன்றாக்க வேண்டும். இந்த உண்மையே அடுத்த பத்தாண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது.

அதுவரை அவிழ்க்கும் கருவிதான் எல்லா முறைகளையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குனூ மென்பொருளைப் பராமரிக்கும் தொழிலுக்கென டீமனும் ஜான் கில்மோரும் டேவிட் ஹெங்கல்-வாலஸும் 1989-இல் தொடங்கிய சிக்னஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரெட் ஃபிஷ், கிளார்க்கின் நிரலை மாற்றியெழுதிக் கையேட்டின் முறையையும் லூசிட் நிறுவனத்தின் முறையையும் சேர்த்தார், எச்.பி. நிறுவனத்தின் முறையைச் சேர்த்தவர் சதீஷ் பாய். கோப்பின் தலைப்பில் மூவரின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இடம்பெற்றன.

லூசிட் நிறுவனம் 1994-இல் மூடப்பட்டது. அது வகுத்த பெயர் முறையைப் படிக்கும் அறிவோ, இந்தக் கருவிக்குள் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

பழைய முறைகளில் இன்னொரு நலிவும் இருந்தது. நிரலர் வைத்த பெயருக்கும் வகைக் குறிகளுக்கும் இடையே வேலியாக நின்றவை இரண்டு அடிக்கோடுகளே. நிரலரே தம் பெயருக்குள் இரண்டு அடிக்கோடுகளை எழுதிவிட்டால், வேலி எது, பயிர் எது என்று கருவி ஊகிக்க நேரிட்டது. எந்த முறையில் அவிழ்க்கவேண்டும் என்று பயனர் குறிப்பிடாவிட்டால், அதையும் அது ஊகித்தே முடிவு செய்தது.

*

வெற்று நிலத்தில் ஓர் உடன்படிக்கை

திருப்புமுனை மென்பொருளிலிருந்து வரவில்லை. ஒரு சில்லிலிருந்து வந்தது. இன்டெல், எச்.பி. ஆகிய நிறுவனங்கள் இணைந்து ஐட்டேனியம் என்னும் புதிய செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தன. அந்தச் செயலிக்கென எழுதப்பட்ட பழைய நிரல்கள் எவையும் இல்லை. கட்டிக்காக்க வேண்டிய பழைய நூலகங்களும் இல்லை. எல்லா நிரல்பெயர்ப்பிகளும் முதலிலிருந்தே தொடங்கவேண்டிய நிலையில், பத்தாண்டுகளாகக் கிட்டாத வாய்ப்பு கிட்டியது.

கோட்சோர்சரி, காம்பாக், ஈ.டி.ஜி., எச்.பி., ஐ.பி.எம்., இன்டெல், ரெட் ஹேட், எஸ்.ஜி.ஐ. ஆகிய நிறுவனங்கள் 1999-இல் தொடங்கிய பேச்சில் பங்குகொண்டு, ஏ.பி.ஐ. என்னும் இருமநிலை இடைமுகத்துக்கான பொது ஆவணத்தை வகுத்தன. தனித்தனியே பெயர்க்கப்பட்ட நிரல் துண்டுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான விதித்தொகுப்பையே ஏ.பி.ஐ. என்பர். பொருள்களின் அடுக்கு, மெய்நிகர் செயற்கூறுகளின் அட்டவணை, பிழைகளை எறிந்து பிடிக்கும் முறை ஆகிய உள்ளமைப்புகளுடன் பெயரைப் பொதியும் முறையும் அதில் ஒன்றாக்கப்பட்டது.

சந்தையில் போட்டியிட்ட நிறுவனங்கள், தங்கள் வாடிக்கையாளர்களைக் கட்டிவைத்திருந்த வேறுபாடுகளைத் தாமே கைவிட்டன என்பது இந்த வரலாற்றில் போற்றத்தக்க நிகழ்வாகும்.

புதிய பெயர்கள் யாவும் அடிக்கோட்டுடனும் இசட் எழுத்துடனும் தொடங்கின. அடிக்கோட்டையடுத்துப் பெரிய எழுத்து வரும் பெயர்கள் மொழியின் விதிப்படி நிரல்பெயர்ப்பிக்கே உரியவை என்பதால், நிரலர் வைக்கும் பெயருடன் அவை மோதுவதற்கு வழியில்லை. முன்னர் வந்த ஒரு பகுதி மீண்டும் வந்தால் அதை முழுமையாக எழுதாமல், எஸ் என்ற எழுத்தைக் கொண்ட குறியால் சுட்டும் வசதியும் செய்யப்பட்டதால் பெயர்களின் நீளம் குறைந்தது.

ஐட்டேனியம் செயலி 2001-இல் சந்தைக்கு வந்து, எதிர்பார்த்த வெற்றியைப் பெறாமல், 2021-இல் விநியோகம் நிறுத்தப்பட்டு மறைந்தது. அதற்காக எழுதிய உடன்படிக்கையோ ஏனைய செயலிகளுக்கும் பரவி, இன்று லினக்ஸ் கணினிகளிலும் ஆப்பிள் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஓடும் சி++ நிரல்களின் பெயர்களை ஆண்டுகொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மட்டும், கேள்விக்குறியில் தொடங்கும் தன் தனி முறையிலேயே நின்றது.

*

ஊர் நகரவில்லை, முகவரி மாறியது

2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டமானது. செந்துறை இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முழு முகவரி மட்டும் ஏழாண்டுகளுக்குள் மூன்று முறை மாறியது.

அதே ஆண்டுகளில் சி++ உலகில் நடந்ததும் இதற்கு இணையானது. ஜி++-ஐ உள்ளடக்கி 2001 ஜூன் 18 அன்று வெளியான ஜி.சி.சி. 3.0 புதிய உடன்படிக்கையை ஏற்றபோது, நிரலர்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத நிலையிலும், அவர்களுடைய எல்லாச் செயற்கூறுகளின் சங்கேதப் பெயர்களும் ஒரே நாளில் மாறின. எடுத்துக்காட்டில் அரியலூருக்குப் பதிலாகப் பெரம்பலூர் என்று எழுதினால், 8 என்ற எண் 10 ஆகி, சங்கேதப் பெயர் முழுவதும் வேறாகிவிடுவதைப் போல, பழைய நூலகம் தாங்கிய பெயரைப் புதிய நிரல் தேடவில்லை. புதிய நிரல் தேடிய பெயர் பழைய நூலகத்தில் இல்லை.

தொடக்கக் காலப் பிழைகள் இந்தத் துன்பத்தை நீட்டித்தன. 2002 ஆகஸ்டில் வெளியான ஜி.சி.சி. 3.2, ஏ.பி.ஐ. பிழைகளைத் திருத்துவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. டெபியன் லினக்ஸ் குழுவினர் தங்கள் சி++ நூலகங்களை எல்லாம் புதிதாகப் பெயர்த்து, பழையவற்றுடன் கலந்துவிடாதிருக்க, தொகுப்புகளின் பெயரிலேயே சி102 என்ற ஒட்டைச் சேர்த்தனர்.

இந்த மாறுதல் காலத்தில்தான் சி++ஃபில்ட் தன் முழுப் பயனையும் காட்டியது. பழைய முறையில் எழுதிய பெயரையும் புதிய முறையில் எழுதிய பெயரையும் அதற்குள் செலுத்தினால், இரண்டும் ஒரே மனித வடிவில் வெளிவந்தன; இணையாத இரண்டு கோப்புகள் ஒரே செயற்கூற்றைத்தான் பேசுகின்றன என்பதை அது மெய்ப்பித்தது.

*

2003: புதிதாக எழுதப்பட்ட அவிழ்ப்பான்

புதிய முறைக்கான அவிழ்க்கும் நிரலை 2003-இல் இயன் லான்ஸ் டெய்லர் அடியிலிருந்து மாற்றியெழுதினார். பெயரை இடமிருந்து வலமாகப் படித்தபடியே விடையை எழுதிச் செல்லாமல், முதலில் அதன் உறுப்புகளை ஒரு மர அமைப்பாக நினைவகத்தில் கட்டியெழுப்பி, அந்த மரத்தைச் சுற்றிவந்து மனித வடிவை அச்சிடும் முறையை அவர் கையாண்டார். பொது இலக்கணம் இருந்ததால் ஊகத்துக்கு இடமில்லாமல் போனது. அவிழ்த்தல் என்பது கணிப்பாக இருந்த நிலை மாறி, வாசிப்பாகியது.

குனூ பைனூட்டில்ஸ் என்னும் கருவித் தொகுப்பின் பகுதியாக வரும் சி++ஃபில்ட் இன்று யாருக்கும் திறந்திருக்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகளில், சி-டாக் சென்னை மையத்தில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவான பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர் ஒருவர், பாடநூலில் உள்ள பணிமிகுப்பு நிரலை லினக்ஸில் பெயர்த்து, என்.எம். என்ற கட்டளையால் பெயர்களைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலைச் சி++ஃபில்ட்டுக்குள் செலுத்தினால், ஒரே பெயர் எப்படிப் பல பெயர்களாகப் பிரிகிறது என்பதைத் தம் கண்ணாலேயே காணலாம். பணிமிகுப்பைக் கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் இந்தச் செய்முறை இடம்பெற வேண்டும். வரையறையை மனப்பாடம் செய்வதால் கிட்டாத தெளிவு அதில் கிட்டும்.

2018 டிசம்பரில் இந்தக் கருவியின் வரலாறு இரண்டு வகையில் மாறியது. ஜி.சி.சி. 2 காலத்துப் பெயர் முறைகளை அவிழ்க்கும் பகுதி நீக்கப்பட்டது. கிளார்க்கும் ஃபிஷும் பாயும் ஊட்டிய அறிவின் பெரும்பகுதி அத்துடன் நடப்புப் பதிப்பிலிருந்து விலகியது. அதே மாதத்தில், பெயருக்குள் பெயராக 2048 நிலைகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்ற வரம்பும் அவிழ்ப்பானுக்கு விதிக்கப்பட்டது.

இரண்டாவது மாற்றத்துக்குக் காரணம் உண்டு. எந்த நிரல்பெயர்ப்பியும் எழுதியிராத, முடிவின்றித் தன்னைத்தானே சுட்டிச் செல்லும் போலிப் பெயர்களைச் சிலர் செயற்கையாக உருவாக்கிச் செலுத்தியபோது, கருவி நினைவகம் தீர்ந்து நொறுங்கியது. முப்பது ஆண்டுகளாகத் தனக்குள் வந்த ஒவ்வொரு சொல்லையும் நேர்மையானதென்று நம்பி வந்த கருவி அது. அந்தப் போலிப் பெயர்கள் எப்படி உருவாக்கப்பட்டன? பிழைகளைத் தேடும் ஆய்வாளர்களுக்கு அவை ஆயுதமானது எவ்வாறு? பெயரை அவிழ்க்கும் ஒரு சிறு நிரல், பாதுகாப்பு எச்சரிக்கைகளின் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு வந்தது ஏன்? இவற்றுக்கான விடையை அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)